தோல் ரசாயனக் குடோனில் தீ: எதற்குத் தண்ணீர், எதற்கு நுரை, ஓடுகிற நீரை எங்கே நிறுத்துவது?

சிப்காட்_குடோன் கேட்டது:

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் ஒரு தோல் ஆலையின் ரசாயனக் குடோனுக்கு அவசரகாலத் திட்டத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். பழைய திட்டத்தில் "தீ ஏற்பட்டால் உரிய தீயணைப்பானைப் பயன்படுத்தவும்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த "உரிய" என்ன என்பதுதான் கேள்வி.

குடோன் 18 மீட்டருக்கு 12 மீட்டர், உயரம் 5 மீட்டர், கல்நார் ஷீட் கூரை. உள்ளே சோடியம் சல்பைடு செதில் 50 கிலோ மூட்டை 60, ஃபார்மிக் அமிலம் 35 கிலோ கேன் 40, கந்தக அமிலம் கொஞ்சம், குரோம் பவுடர், ஃபேட் லிக்கர் (தோலை மென்மையாக்கும் எண்ணெய்) டிரம் 30. குடியாத்தம் சாயப்பட்டறைக்காக வாங்கி வைத்த ஹைட்ரோஸ் 50 கிலோ டிரம் 12ம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் 6க்கு 5 மீட்டர் சால்வென்ட் அறை: டொலுயீன், எம்.இ.கே. (மீத்தைல் எத்தில் கீட்டோன்), எத்தில் அசிடேட் கலந்து 200 லிட்டர் டிரம் 12, கூடவே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் கேன்கள்.

தீயணைப்புத் தொட்டி 150 கிலோலிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 2,280 லிட்டர். வெளியே ஹைட்ரன்ட் ஆறு. நிமிடத்துக்கு 225 லிட்டர் நுரைக் குழல் ஒன்று, 3 சதவீத ஏ.எஃப்.எஃப்.எஃப். (தண்ணீரில் கலந்து அடிக்கும் நுரைச்சாறு) 50 லிட்டர் கேன் இரண்டு. மற்றபடி 6 கிலோ டி.சி.பி. (உலர் ரசாயனப் பொடி), 4.5 கிலோ சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர்கள். குடோன் நடுவில் ஒரே தரைக் கால்வாய், அது வெளி மழைநீர்க் கால்வாயில் சேர்கிறது.

எதில் தண்ணீர் அடிக்கலாம், எதில் கூடாது? நுரை போதுமா? தீயணைத்த தண்ணீர் எங்கே போகவேண்டும்? அனுபவமுள்ளவர்கள் எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தோல்_கெமிஸ்ட் பதில்:

சார், தீயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ஒரே தரைக் கால்வாயைப் பார்ப்போம். உங்கள் பட்டியலில் எனக்கு அச்சம் தருவது அதுதான்.

ஃபார்மிக் அமிலக் கேன் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக். 130 டிகிரி வாக்கில் உருகிவிடும். குடோனின் ஒரு மூலையில் அட்டைப்பெட்டி எரிந்தாலே கூரையடியில் அந்தச் சூடு வந்துவிடும். மேலடுக்குக் கேன்கள் இளகி அமிலம் தரையில் ஓடும். ஹோஸ் தண்ணீர் அதைக் கால்வாய்க்குத் தள்ளும். அதே தண்ணீர் சல்பைடு மூட்டைகளையும் கரைத்து அதே கால்வாய்க்குக் கொண்டுவரும். இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு.

அளவு சொல்கிறேன். செதிலில் சோடியம் சல்பைடு சுமார் 60 சதவீதம். ஒரு கிலோ செதில் முழுதும் அமிலத்தோடு சேர்ந்தால் 180 லிட்டருக்கு மேல் வாயு வரும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) என்பது உடனடி உயிராபத்து அளவு. அந்த 180 லிட்டர், 1,800 கனமீட்டர் காற்றை 100 பி.பி.எம்.முக்குக் கொண்டுபோகப் போதும். உங்கள் குடோனின் மொத்தக் கொள்ளளவே 1,080 கனமீட்டர். அதாவது ஒரு கிலோ போதும், உங்களிடம் மூன்று டன் இருக்கிறது. அந்த அளவில் மூக்கு மரத்துப்போய் அழுகின முட்டை வாடையே தெரியாது. "வாடை போயிடுச்சு, உள்ளே வாங்க" என்று ஒருவர் சொன்னால் அது மிக மோசமான அறிகுறி.

ஆகவே முதல் வேலை: அமிலத்தையும் சல்பைடையும் ஒரே கூரையின் கீழ் வைக்காதீர்கள். இடமே இல்லையென்றால் நடுவில் கூரைவரை செங்கல் சுவர், தனித்தனி வாசல், தனித்தனிக் கால்வாய், தனித்தனிக் குழி. இடையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டு "பிரித்துவிட்டோம்" என்பது தணிக்கைக்குச் சரியாக இருக்கலாம், தண்ணீர் கோட்டைப் பார்த்து நிற்காது. இந்தச் சுவரைக் கட்டாமல் நுரை வாங்குவதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து.

கந்தக அமிலம் எரியாது. ஆனால் அதன்மேல் நேரடி ஜெட் அடித்தால் கொதித்துத் தெறிக்கும். சுற்றியுள்ளதைத்தான் குளிர்விக்கவேண்டும், கேனை அல்ல. குரோம் பவுடர் தானாக எரியாது. ஆனால் குரோம் தோல், ஷேவிங் (தோல் சீவல்) எல்லாம் சுண்ணாம்போடு சேர்ந்து எரிந்தால் சாம்பலில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) உருவாகக்கூடும். தீ அணைந்தபின் அந்தச் சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரமாக்கி, மூடிய டிரம்மில் அபாயக் கழிவாக அனுப்புங்கள்.

குடியாத்தம்_சாயம் பதில்:

ஹைட்ரோஸ் பக்கம் தண்ணீரே போகக்கூடாது. தண்ணி பட்டால்தான் அது புகையும். உலர் மணல் இரண்டு வாளி, டி.சி.பி. சிலிண்டர் பக்கத்தில் வையுங்கள், மூடி அணைத்துவிடலாம். சாயப்பட்டறைகளில் பொதுவாகச் சொல்வது இதுதான்.

நுரைக்குழல் பதில்:

சாயம் அண்ணா, மன்னிக்கவும். இது பட்டறைகளில் பரவலாக நம்பப்படுவதுதான், ஆனால் தீயென்று வந்தபின் ஆபத்தானது.

ஹைட்ரோஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட், யு.என். எண் (அபாயப் பொருள்களுக்கான சர்வதேச அடையாள எண்) 1384, தானே சூடேறும் வகை. கொஞ்சம் ஈரம் பட்டால் சிதைந்து சூடாகிக் கந்தக டை ஆக்சைடு விடும் என்பதில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் சிதையத் தொடங்கியபின் அதற்கு வெளிக்காற்று வேண்டாம். மணலால் மூடினால் சூடு உள்ளேயே அடைபட்டு இன்னும் வேகமாகச் சிதையும். டி.சி.பி.யும் சி.ஓ.2வும் செய்வது காற்றைத் தடுப்பது, தீச்சுவாலையை அறுப்பது. இங்கே இரண்டும் பலன் தராது. அவசர உதவிக் கையேடுகளில் இந்த வகைப் பொருள்களுக்குப் பொதுவாகத் தண்ணீர் வேண்டாம் என்று போட்டுவிட்டு, 1384 போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்காக "வெள்ளமாகத் தண்ணீர்" என்று தனியாகக் குறித்திருப்பது இதற்காகத்தான்.

மோசமானது ஒரு குவளைத் தண்ணீர். நல்லது முழு ஹோஸ். புகையத் தொடங்கிய டிரம்மின் மூடி திறந்திருந்தால் ஹோஸை முழுதாகத் திறந்து உள்ளே விடுங்கள். நிரம்பி வழிந்தபின்னும் ஆவி நிற்கும்வரை நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால் அரைகுறை ஈரம்தான் மிஞ்சும், அதுதான் தொடக்கத்தில் வேண்டாம் என்றது. காற்றுக்கு முதுகுகொடுத்து, சுவாசக் கருவியோடு நில்லுங்கள்.

தடுப்புக்கு உங்கள் பேச்சுதான் சட்டம், அண்ணா: டிரம் தரையில் நேராக நிற்கக்கூடாது, பலகைமேல். ஈரக்கையோடு, ஈரக்குவளையோடு அள்ளக்கூடாது. தூக்கிய மிச்சத்தைத் திரும்ப டிரம்மில் போடக்கூடாது. பெரும்பாலும் தொடங்குவது இந்த மூன்றில்தான். ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே ஒரு டிரம்கூட இருக்கக்கூடாது. கூரை ஷீட் மாற்றும் வேலையை அதற்கு முன் முடிக்கவேண்டும்.

என்.சி. லாக்கரும் இதே குணம். நைட்ரோசெல்லுலோஸ் தன்னிடமே ஆக்சிஜன் வைத்திருக்கிறது. கேனில் திரவமாக இருக்கும்போது சால்வென்ட் தீயைப் போல நடக்கும். ஸ்ப்ரே பூத் சுவரிலும் புகைக்குழாயிலும் உலர்ந்த பொருக்காகப் படிந்தபின் வேறு பொருளாகிவிடும். அதைப் பித்தளை அல்லது மரச் சுரண்டியால், முதலில் நனைத்துவிட்டுச் சுரண்டி, தண்ணீர் நிரம்பிய மூடிய வாளியில் போடவேண்டும். இரும்பு உளி கூடாது. 2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் தொடங்கியது இப்படி உலர்ந்துபோன நைட்ரோசெல்லுலோஸ்தான். நனைத்து வைத்திருந்த திரவம் வெயிலில் ஆவியாகி, அது தானே சூடேறிப் பற்றி, பக்கத்தில் இருந்த அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் பரவியது. 173 பேர் போனார்கள், அவர்களில் பெரும்பகுதி தீயணைப்பு வீரர்கள். எது எரிகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உள்ளே போனவர்களுக்குத் தெரியவில்லை. உங்கள் வாசல் காவலரிடம் அன்றன்றைய இருப்புப் பட்டியலும் குடோன் வரைபடமும் ஒரு உறையில் இருக்கட்டும். அலுவலகக் கம்ப்யூட்டரில் இருப்பது அந்த நேரத்துக்கு உதவாது, மின்சாரத்தை முதலிலேயே நிறுத்தியிருப்பீர்கள்.

இனி நுரை. உங்களிடம் இருப்பது வகையிலும் போதாது, அளவிலும் போதாது.

சாதாரண ஏ.எஃப்.எஃப்.எஃப். டொலுயீன்மேல் நிற்கும். எம்.இ.கே., எத்தில் அசிடேட், அசிட்டோன், ஆல்கஹால் போன்ற தண்ணீரோடு கலக்கும் சால்வென்ட்கள் நுரையில் உள்ள நீரையே உறிஞ்சிப் படலத்தை உடைத்துவிடும். தின்னரில் இவை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே ஆல்கஹால் தாங்கும் வகை, அதாவது ஏ.ஆர். நுரை, வாங்கவேண்டும். கேனில் 3x3 அல்லது 3x6 என்று போட்டிருக்கும். இரண்டாவது எண்தான் உங்களுக்கானது.

அளவு: அறை 30 சதுரமீட்டர். சதுரமீட்டருக்கு நிமிடத்துக்கு 6.5 லிட்டர் என்றால் 195 லிட்டர். உங்கள் 225 லிட்டர் குழல் ஒன்று அதற்குச் சரி. சில ஏ.ஆர். நுரைகளுக்குத் தயாரிப்பாளர் இதைவிட அதிக வீதம் கேட்பார், அவர் தாளைப் பார்த்துவிட்டே முடிவுசெய்யுங்கள். 15 நிமிடம் ஓட்ட 3,375 லிட்டர் கரைசல். 6 சதவீதக் கலவையில் நுரைச்சாறு 202 லிட்டர், 3 சதவீதத்தில் 101. முதல் முயற்சி தவறினால் மறுபடி அடிக்க இன்னொரு மடங்கு. கையிருப்பு தீர்ந்து பாதியில் நின்ற நுரை, அடிக்காத நுரைக்குச் சமம். பத்து நிமிடத்தில் எரிந்து கரைந்துவிடும்.

வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் இன்டக்டரில், அதாவது ஓடும் தண்ணீரில் நுரைச்சாறை இழுத்துக் கலக்கும் கருவியில். இன்டக்டரும் குழலும் ஒரே ஓட்டத்துக்கு இருக்கவேண்டும். 450 லிட்டர் இன்டக்டரில் 225 குழலை மாட்டினால் சாறு இழுக்காது, வெறும் தண்ணீர்தான் வரும். நுழைவில் 7 கிலோ அழுத்தம் வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு இன்டக்டரிலேயே போய்விடும். பின்னால் ஹோஸ் நீளம் கூடினாலும், மடங்கினாலும், குழலை மாடியில் ஏற்றிப் பிடித்தாலும் இழுப்பு நிற்கும். உள்ளே உள்ள சிறு பந்து வால்வு பழைய சாறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். உபயோகித்த அன்றே நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டிக் கழுவவில்லையென்றால் அடுத்த முறை உதவாது.

இன்னொன்று: நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். சாறு வாங்குவதற்கு முன், உங்கள் தீயணைப்புத் தொட்டித் தண்ணீரையே எடுத்து நுரை பொங்குகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ஆர்.ஓ. கழிவுநீரைத் தொட்டியில் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வால்வும் ஜாக்கி பம்பும் (குழாய் அழுத்தத்தைக் காக்கும் சிறு பம்ப்) உப்பு பூத்துப் போகும்.

பாலாற்றங்கரை பதில்:

ஓடும் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. பெரும்பாலான திட்டங்களில் அந்தப் பக்கமே இருக்காது.

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் ஷ்வைசர்ஹாலே என்ற இடத்தில் சாண்டோஸ் நிறுவனக் கிடங்கு எரிந்தது. சுமார் 1,350 டன் வேளாண் ரசாயனம். தீயை அணைத்துவிட்டார்கள். அடித்த தண்ணீர் மருந்தைக் கரைத்துக்கொண்டு ரைன் நதிக்குள் போய், ஆறு சிவந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்தன. தண்ணீரைப் பிடித்துவைக்க இடம் இல்லாததுதான் காரணம். ரைனில் தண்ணீராவது ஓடிக்கொண்டிருந்தது. பாலாற்றில் வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். விட்டது கரையாது, அடித்துக்கொண்டு போகாது, நேராக ஊற்றுக்கும் கிணற்றுக்கும் இறங்கும். 1996இல் வேலூர் மக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துபவரே ஈடுகட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்தத் தோல் பட்டறைகளின் விஷயத்தில்தான். "தீ விபத்தில் ஓடியது" என்பது அதிலிருந்து விலக்கு ஆகாது.

உங்கள் கணக்கு: குடோன் 216 சதுரமீட்டர். எல்லா வாசலிலும் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சரிவான மேடு போட்டால் உள்ளே 32,400 லிட்டர் நிற்கும். பலகை, மூட்டை பிடிக்கும் இடத்துக்குக் கால்பங்கு கழித்தால் 24,000. ஹோஸ் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் இரண்டு ஹோஸ் ஓடினால் 27 நிமிடத்தில் நிரம்பும். நான்கு ஹோஸ் என்றால் 13 நிமிடம்தான். பம்ப் முழுவேகத்தில் ஓடினால் உங்கள் தொட்டி 65 நிமிடத்தில் காலி. அதாவது 150 கிலோலிட்டரில் 24 உள்ளே நிற்கும், மீதி 126 வெளியே வரும். அதற்கு ஒரு குழி வேண்டும். புதிதாகத் தோண்ட இடமில்லையென்றால், ஆலைச் சுத்திகரிப்பு நிலையத்தின் சமன்செய் தொட்டியில் எப்போதும் அத்தனை காலியிடம் விட்டுவைக்கலாம். ஆனால் எழுதிவைத்துத் தினமும் மட்டம் குறிக்கவேண்டும். மழைக்காலத்தில் அந்தக் காலியிடம்தான் முதலில் காணாமல்போகும்.

மழைநீர்க் கால்வாய் வளாகத்தை விட்டு வெளியேறும் இடத்தில் மதகுப் பலகை ஒன்று, கையால் இறக்கும்படி. எப்போதும் மூடியிருந்து மழைக்குத் திறப்பதா, திறந்திருந்து தீக்கு மூடுவதா என்று கேட்டால் முதலாவதுதான். பக்கத்தில் 20 மணல் மூட்டை, தார்ப்பாய்.

பிடித்த தண்ணீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அப்படியே தள்ளிவிடாதீர்கள். அமிலமும் சால்வென்ட்டும் நுரைச்சாறும் சேர்ந்தால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் செத்து, எல்லா ஆலைக் கழிவும் தேங்கும். முதலில் பி.எச். பாருங்கள். சல்பைடு கலந்திருக்கலாம் என்றால் அமிலம் சேர்த்துச் சமன்செய்யவே கூடாது. முதல் பதிலில் சொன்ன வாயு இங்கேயும் வரும். ஏ.எஃப்.எஃப்.எஃப். சாறில் உள்ள ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணில் சிதையாதவை. ஆகவே ஒத்திகைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், ஃப்ளோரின் இல்லாத பயிற்சி நுரை கிடைக்கிறது.

ஷிப்ட்_பி பதில்:

சால்வென்ட் அறைக்கு மட்டும் சில வரிகள்.

எம்.இ.கே. தீப்பற்றும் வெப்பநிலை மைனஸ் 9, எத்தில் அசிடேட் மைனஸ் 4, டொலுயீன் 4 டிகிரி. வேலூரில் மார்கழி விடியலில்கூட மூன்றும் பற்றத் தயார். ஐந்தாறு லிட்டர் டொலுயீன் ஆவியானாலே உங்கள் அறைக் காற்று முழுவதும் பற்றும் அளவுக்கு வந்துவிடும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோடு போகும். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துப் பயனில்லை. தரையிலிருந்து ஒரு அடிக்குள் திறப்பு வேண்டும், சுவிட்ச் அறைக்கு வெளியே.

டிரம்மிலிருந்து வாளிக்கு ஊற்றும்போதுதான் நிலைமின்சாரம் பொறியாகும். டிரம்முக்கும் வாளிக்கும் இடையே செம்புக் கம்பி இணைப்பு, டிரம்மிலிருந்து பூமிக் கம்பிக்கு இன்னொன்று. கிளிப் பெயிண்ட்மேல் கடித்தால் இணைப்பே இல்லை, சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பிளாஸ்டிக் வாளிக்கு எந்தக் கம்பியும் உதவாது. குழாய் வாளியின் அடிவரை போகவேண்டும், மேலிருந்து கொட்டக்கூடாது.

ஃபேட் லிக்கர் துடைத்த பனியன் வேஸ்ட்டை மூலையில் குவிக்காதீர்கள். மீன் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடாகும், இரவில் பற்றும். மூடியுள்ள தகர டின், ஷிப்ட் முடிந்ததும் காலி. பஃபிங் (தோலைத் தேய்த்து மெருகிடுதல்) தூசிப் பையும் அப்படியே.

டொலுயீன் கலந்தது 30 லிட்டருக்கு மேல் என்றால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் வேண்டும். இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சிப்காட்_குடோன்:

எல்லோருக்கும் நன்றி. ஹைட்ரோஸைக் குடியாத்தத்துக்கே அனுப்பிவிடுகிறோம், இங்கே வைக்க ஒரு காரணமும் இல்லை. அமிலத்துக்கு வடக்குப் பக்கம் தனி ஷெட், தனிக் குழி போட ஒப்புதல் கேட்டிருக்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம்: முதல் ஐந்து நிமிடம் நம் ஆட்கள் என்ன செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ளவேண்டும்? சுவாசக் கருவி இரண்டு செட் இருக்கிறது.

நுரைக்குழல் பதில்:

கையில் தூக்கும் சிலிண்டரால் அணைக்கக்கூடியது ஒரு வாளி அளவுத் தீ. ஒரு சிலிண்டர் காலியாகியும் அணையவில்லையென்றால் இரண்டாவதை எடுக்காமல் வெளியே வரவேண்டும். இதைத் திட்டத்தில் இதே வார்த்தையில் எழுதுங்கள். சல்பைடு, அமிலப் பக்கம் என்றால் அந்த ஒன்றும் வேண்டாம். மணியடி, ஆளை வெளியேற்று, மின்சாரத்தை நிறுத்து, மதகுப் பலகையை இறக்கு, 101 அல்லது 112. அழைப்பில் "தீ" என்று மட்டும் சொல்லாமல் பொருளின் பெயரும் யு.என். எண்ணும் சொல்லுங்கள். வரும் வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும், நிமிடத்துக்கு 900 அடித்தால் ஐந்து நிமிடம். அவர்கள் உங்கள் ஹைட்ரன்டில்தான் மாட்டவேண்டியிருக்கும். கப்ளிங் பொருந்துகிறதா என்று நிலையத்தாரை அழைத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

மின்சாரம் நின்றபின் டீசல் பம்ப்தான் துணை. வாரம் ஒருநாள் 30 நிமிடம் ஓட்டுங்கள், பேட்டரி இரண்டு செட். தானாக ஓடத் தொடங்கலாம், தானாக நிற்கக்கூடாது.

சுவாசக் கருவி: 6 லிட்டர், 300 பார் என்றால் 1,800 லிட்டர் காற்று. காகிதத்தில் 45 நிமிடம், ஹோஸ் பிடித்து வேலைசெய்தால் 30க்கும் குறையும். காற்று குறைந்து விசில் அடித்தபின் திரும்பலாம் என்று இருக்காமல், போகச் செலவான அளவு திரும்பவும் வேண்டும் என்று கணக்கு வைக்கவேண்டும். இரண்டு செட்டும் உள்ளே போய்விட்டால் மீட்க ஆளில்லை. ஆகவே உங்களிடம் இருப்பதை வைத்து யாரும் உள்ளே போகக்கூடாது, இன்னும் இரண்டு செட் வாங்கும்வரை. கேனிஸ்டர் முகமூடி (காற்றை வடிகட்ட மட்டும் செய்வது) இதற்கு மாற்று அல்ல. கல்நார் ஷீட் சூட்டில் வெடித்துச் சிதறும், கூரையடியில் நிற்கவும் கூடாது.

கூடுமிடம் இரண்டு வையுங்கள், எதிரெதிர்த் திசையில். ஆனி முதல் புரட்டாசிவரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்து. எந்த இடம் என்பதைக் காற்றுத் திசை காட்டும் பையைப் பார்த்து அன்று முடிவுசெய்யட்டும்.

தோல்_கெமிஸ்ட் பதில்:

ஒன்று விட்டுப்போயிற்று. என்.சி. எரிந்த பழுப்பு நிறப் புகையைச் சுவாசித்தவர் அப்போது நன்றாகத்தான் இருப்பார், டீ குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். நைட்ரஜன் ஆக்சைடால் நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்கூட வரும். இருமல் இல்லையென்றாலும் 108இல் அனுப்பி ஒருநாள் மருத்துவமனைக் கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள். எந்தப் புகை என்பதைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.